இதயம் சுமக்கும் பாரம்

உடம்பு சற்றுப் பூசினாற்போல் இருந்தால், "மகராசி, நன்றாக இருக்கிறாள்" என்பார்கள் எங்கள் ஊரில். மெலிந்தால்தான் எல்லாருக்கும் கவலை. ஆகவே என் அம்மாவின் பருமனைப் பற்றி வீட்டில் ஒருவரும் பேசியதில்லை. சென்ற ஆண்டு மாடிப்படி ஏறும்போதெல்லாம் அவருக்கு மூச்சு இரைத்தது. டாக்டர் அம்மாவிடம் அழைத்துச் சென்றோம். இரத்த அழுத்தம் 160/100. எடை 78 கிலோ.

டாக்டர் அம்மா எடையோடு நிற்கவில்லை. தையல் வகுப்பில் நாம் வைத்திருக்கும் அதே இஞ்சு டேப்பை எடுத்து, விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே வயிற்றைச் சுற்றி அளந்தார். 95 செ.மீ. இருந்தது. நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ.க்கு மேற்பட்டாலே எச்சரிக்கையாம்!

ஏன் வயிற்றை மட்டும் அளக்க வேண்டும்? தொடையில் தங்கும் கொழுப்பு அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேரும் கொழுப்போ சும்மா இருப்பதில்லை. இன்சுலினைச் சரிவர வேலை செய்யவிடாது, இரத்தத்தில் கொழுப்பையும் சர்க்கரையையும் ஏற்றும், அழுத்தத்தைக் கூட்டும். கைப்பிடி அளவே உள்ள நம் இதயம் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது. உடல் பெருக்கப் பெருக, அது அதிக இரத்தத்தைத் தள்ள வேண்டியிருக்கிறது. நாளடைவில் அதன் சுவர் தடித்து விறைக்கிறது. பளு தூக்குபவரின் புயம் தடித்தால் பலம். இதயம் தடித்தால் அது பலமன்று.

52 நாடுகளில் ஏறக்குறைய 30,000 பேரிடம் நடத்திய இன்டர்ஹார்ட் ஆய்வின் முடிவுகள் 2004, 2005 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. மாரடைப்புக்கு மொத்த எடையைவிட வயிற்றுப் பருமனே நெருங்கிய உறவு என்று அது காட்டியது. அக்குழுவின் தலைவர் டாக்டர் சலீம் யூசுப் கேரளத்தில் பிறந்தவர். கத்தோலிக்கத் திருச்சபை நடத்தும் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். நமக்கும் அதில் சிறு பெருமை உண்டல்லவா?

அம்மா பருத்ததற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தம்பி மிச்சம் வைத்த இட்லி, அப்பா வேண்டாமென்ற பொரியல், பானையின் அடிச்சோறு எல்லாம் அவர் தட்டுக்கே வந்து சேரும். உணவை எறிவது பாவம் என்று வளர்ந்தவர். இதைப் பேராசை என்று எவரும் சொல்ல முடியாது. ஆகையால்தான் பருத்த தோழியருக்குப் பட்டப்பெயர் சூட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை. அப்பெயரைக் கேட்டவள் விளையாட்டுத் திடலுக்கு வராமல் ஒதுங்கி, இன்னும் பருப்பாள், அவ்வளவுதான்.

இப்போது மாலைதோறும் நானும் அம்மாவும் செபமாலை சொல்லிக்கொண்டே முக்கால் மணி நேரம் நடக்கிறோம். மாத்திரையும் தொடர்கிறது. எட்டு மாதங்களில் எடை 72 ஆனது. டேப் 89 காட்டியது. இன்னும் குறைய வேண்டும். ஆனால் நான்கைந்து கிலோ குறைந்தாலே இரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கும் என்று டாக்டர் அம்மா சொன்னது எங்கள் வீட்டில் மெய்யாயிற்று. மாடிப்படியில் அம்மா நடுவே நிற்பதில்லை. சோற்றையும் அளந்தே வடிக்கிறோம். தன் தட்டில் வைத்ததைத் தானே முடிக்க வேண்டியிருப்பதால், தம்பிக்கு மட்டும் சற்று மனத்தாங்கல்.