குடிகாட்டில் ஒரு ஜோடு

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில் முதுநகரைத் தாண்டியதும் காற்றின் குணம் மாறிவிடுகிறது. அதுவரை வருவது உப்பும் கருவாடும் கலந்த கடற்காற்று. அதற்கப்பால் இன்னதென்று பெயர் சொல்ல இயலாத ஒரு நெடி. பஸ்ஸில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்தாமலே கைக்குட்டையையும் முந்தானையையும் மூக்கருகே கொண்டு போவார்கள். குடிகாட்டில் இறங்க வேண்டியவர்களோ அதே சமயத்தில் பையை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பார்கள். அவர்களுக்கு அது ஊர் வந்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே எழுந்து நின்றேன். ஊர் பார்க்கும் நோக்கத்துடன் போகவில்லை. பதினொன்றாம் வகுப்பில் என்னிடம் சரித்திரம் படிக்கும் ஒரு பையன் நான்கு நாட்களாகப் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. அவன் வராமல் நின்றதற்குக் காரணம் நான்தான்.

நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை காலை அந்தப் பையன் இரண்டரை அங்குலம் உயர்ந்த குதியுள்ள பழுப்பு நிற ஜோடுகளை அணிந்து வகுப்பினுள் நுழைந்தான். டக், டக் என்று ஓசை எழுந்தது. பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். நான் அடக்கியிருக்க வேண்டும், அடக்கவில்லை. "ஏனப்பா, இது உன் அக்காளுடையதா? கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நில்" என்றேன். அவன் மறுபேச்சில்லாமல் கழற்றி, இரண்டையும் இரண்டு கைகளில் பிடித்துக்கொண்டு, மணி அடிக்கும் வரையில் நின்றான். மறுநாள் முதல் அவனைக் காணவில்லை.

வியாழன் இரவு எனக்கு ஓர் ஐயம் தோன்றியது. உயர்ந்த குதி பெண்களுக்கே உரியது என்று வகுப்பில் அத்தனை நிச்சயமாகச் சொன்னேனே, அதற்கு ஆதாரம் என்ன? சரித்திரம் கற்பிக்கிறவன் அல்லவா? புத்தகங்களைப் புரட்டினேன். புரட்டப் புரட்ட வெட்கமே மிஞ்சியது.

உயர்ந்த குதி ஆண்பிள்ளையின் பாதரட்சையாகவே புறப்பட்டிருக்கிறது. அதிலும் குதிரை வீரனுடையது. பாரசீக தேசத்துக் குதிரை வீரர்கள் ஓடுகிற குதிரையின் மீது அங்கவடிகளில் எழுந்து நின்று அம்பு எய்வார்கள். அப்போது பாதம் அங்கவடியினின்றும் வழுவாமல் பிடித்துக்கொள்வதற்கு ஜோட்டின் குதி உதவியது. 1599-இல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் ஐரோப்பிய அரசர்களிடம் ஒரு தூதுகோஷ்டியை அனுப்பினார். அந்தக் காலத்தில் பாரசீக மோகம் ஐரோப்பிய அரண்மனைகளில் பரவிற்று. உயர்ந்த குதியும் பிரபுக்களின் கால்களில் ஏறிற்று. குதிரை ஏறத் தெரியாதவனும் குதி ஏறினான். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியை 1701-இல் ரிகோ என்னும் சித்திரக்காரர் தீட்டிய படம் பாரிஸ் நகரத்து லூவர் பொருட்காட்சிச்சாலையில் இருக்கிறது. அதில் மன்னர் செக்கச்செவேலென்ற குதிகளுடன் ஒயிலாக ஒரு காலை முன்வைத்து நிற்கிறார். அந்தச் சிவப்புக் குதி அரசவையைச் சேர்ந்தவர்களுக்கு மாத்திரமே உரிய சின்னமாக இருந்தது. பெண்கள் குதி அணியத் தொடங்கியது ஆண்களைப் பார்த்துத்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆண்கள் சிறிது சிறிதாக அதைக் கைவிட்டார்கள். பெண்களும் சில காலம் விட்டிருந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மறுபடியும் பற்றிக்கொண்டார்கள். கனடா தேசத்து டொராண்டோ நகரில் பாட்டா பெயரால் விளங்கும் காலணிப் பொருட்காட்சிச்சாலையில் 2015-இல் ஆண்களின் உயர்குதி ஜோடுகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியிருக்கிறார்கள். அங்கே கண்ணாடிப் பெட்டியில் வைத்து மரியாதை செய்த ஒன்றை நான் இங்கே வாசற்படியில் நிறுத்தினேன்.

மனம் சரியில்லாதபோது தேவனாம்பட்டினம் வரையில் நடந்து போவது என் வழக்கம். ஞாயிறு விடியற்காலையிலும் போனேன். கெடிலம் கடலைச் சேரும் இடத்துக்கருகே செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம் சில செங்கற்சுவர்களாக நிற்கிறது. 1690-இல் ஆங்கிலேயக் கம்பெனியார் மராட்டியரிடமிருந்து இந்தக் கோட்டையை விலைக்கு வாங்கினார்கள். அப்போது சென்னையில் தலைவராக இருந்தவர் எலிஹு யேல். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் சென்று விழுமோ அவ்வளவு நிலமும் கிரயத்தில் சேர்த்தி என்பது ஒப்பந்தம். சுட்டார்கள், ஊர்களைக் குறித்துக்கொண்டார்கள். குண்டுசாலை, குண்டு உப்பலவாடி என்ற பெயர்கள் அந்தக் குண்டின் ஞாபகமாக இன்றும் வழங்குகின்றன என்பார்கள். 1758-இல் லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார்.

இந்தக் கோட்டையைப் பற்றி இருபது வருஷமாகப் பாடம் சொல்லி வருகிறேன். அந்தக் கம்பெனி உத்தியோகஸ்தர்களின் கால்களை மாத்திரம் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. 1690-இல் ஆங்கிலேயக் கனவானுடைய நடையுடை குதி உயர்ந்த ஜோடுதான். நம்முடைய மண்ணை விலைபேசி அளந்தவர்கள் அந்தக் குதிகளை ஊன்றித்தான் இந்த மணலில் நடந்திருப்பார்கள். பார்த்த நம்மவர்கள் சிரித்தார்களோ என்னவோ, எழுதி வைக்கவில்லை. அவன் அணிந்த காலத்தில் அது கம்பீரம்; அவன் கழற்றிய பிறகு நமக்கு அது பெண்மை! வெள்ளைக்காரன் போய் முக்கால் நூற்றாண்டு கடந்தும் அவன் விட்டுச்சென்ற அபிப்பிராயங்களை வைத்துக்கொண்டல்லவா நான் வகுப்பு நடத்துகிறேன்?

நம் நாட்டுக்கும் இது புதிதன்று. மரத்தினாலான பாதக்குறட்டைப் பாருங்கள். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே பிடிக்க ஒரு குமிழ். அடியிலே முன்புறம் ஒரு கட்டை, குதியின் கீழ் ஒரு கட்டை. அணிந்தவன் தரையினின்றும் இரண்டு மூன்று அங்குலம் உயர்ந்து நிற்கிறான். சேறும் புழுதியும் காலில் படுவதில்லை. துறவிகளும் பெரியவர்களும் அதை அணிந்து டக், டக் என்று நடந்த ஓசையைக் கேட்டு வீட்டார் பேச்சை நிறுத்தி எழுந்து நின்ற காலம் உண்டு. கடலூரை அடுத்த திருவஹீந்திரபுரத்தில் நெடுங்காலம் வாழ்ந்த வேதாந்த தேசிகர், அரங்கனின் பாதுகைகளின் மீது மாத்திரம் 1,008 சுலோகங்கள் செய்திருக்கிறார். அந்த ஊருக்கு நான் எத்தனையோ முறை குடும்பத்துடன் சென்றதுண்டு.

இவ்வளவையும் மனத்தில் சுமந்துகொண்டுதான் குடிகாட்டில் இறங்கினேன். பையனைக் கண்டதும் பாரசீகத்தையும் பாதுகையையும் எடுத்துச் சொல்லி, "நீ செய்ததில் தவறில்லை" என்று சமாதானப்படுத்தி அழைத்து வந்துவிடலாம் என்று எண்ணம். உபாத்தியாயர்களுக்கு உள்ள வியாதி இது. தாங்கள் செய்த பிழைக்கும் ஒரு பாடம் நடத்திவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பார்கள்.

சாலையின் இருமருங்கிலும் தொழிற்சாலைச் சுவர்கள். 1980-களில் இந்தப் பக்கத்தில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. சாயமும் மருந்தும் இரசாயனங்களும் செய்யும் ஆலைகள் வரிசையாக எழுந்தன. ஊருக்குப் பின்னால் உப்பனாறு ஓடி, கடலூர்த் துறைமுகத்தருகே கடலில் கலக்கிறது. ஊர்க்காரர்கள் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு முடியாது. வாசலில் வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்கள்; குடங்களுக்குப் பக்கத்தில் தண்ணீர் வண்டியை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் பெண்கள். அவர்களுள் ஒருத்தி எனக்கு வீட்டைக் காட்டினாள்.

பையன் வீட்டில் இல்லை. திண்ணையில் அவனுடைய தாத்தா இருந்தார். எழுபது வயதிருக்கும். "வாங்க சார், உக்காருங்க" என்று துண்டால் திண்ணையைத் தட்டினார். என்னைக் கண்டு கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். காபி போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

"பையன் ஒண்ணும் சொல்லலீங்க. அம்மாதான் அவன் சிநேகிதன்கிட்டக் கேட்டுச்சு. அது என்னோட ஜோடு சார்" என்றார்.

நான் திடுக்கிட்டேன்.

"பெல்பாட்டம் காலம். எழுபத்தாறுலே வாங்கினேன். அப்பெல்லாம் ஆம்பளைங்கதான் சார் குதி வெச்சுப் போட்டோம். சினிமாவுலே பாத்திருப்பீங்களே. நம்ம பொண்ணுங்க அப்ப ஏது? வெறுங்காலு, இல்லேன்னா ரப்பர் செருப்பு."

உண்மைதான். 1970-களில் வாலிபர்கள் தரையைப் பெருக்கும் கால்சட்டையும் கட்டை வைத்த ஜோடுமாகக் கடைத்தெருவில் உலாவினார்கள். என் தந்தையாரே அவ்விதம் நிற்கும் கல்யாணப் புகைப்படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. தினமும் அதன் கீழே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். வியாழன் இரவு அத்தனை புத்தகங்களைத் தேடிய எனக்கு அண்ணாந்து பார்க்கத் தோன்றவில்லை!

பெரியவர் மேலே சொன்னார். துறைமுகத்தில் அவருக்குச் சுமை ஏற்றும் வேலை. கப்பல்கள் கரைக்கு வராமல் தூரத்தில் நிற்கும். சரக்கைத் தோணிகளில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். முதல் மூன்று மாதக் கூலியில் மீதம் பிடித்து முதுநகரில் நாற்பத்தைந்து ரூபாய்க்கு அந்த ஜோட்டை வாங்கினார்.

"மோஸ்தருக்காகத்தான் வாங்கினீர்களா?" என்று கேட்டேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. உள்ளேயிருந்து வந்த காபியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"எங்கப்பாரு ஊரு வேற சார். இங்கே பஞ்சம் பொழைக்க வந்தவரு. அந்த ஊர்லே ஒரு தெரு உண்டு. எங்க ஆளுங்க அந்தத் தெருவுலே போறப்பச் செருப்பைக் கழட்டிக் கையிலே எடுத்துக்கணும். குடை இருந்தா மடக்கிக்கணும். நானும் சின்னப் பையனா அப்பாரு பின்னாலே போயிருக்கேன். ரெண்டு கையிலேயும் ரெண்டு செருப்பு, வெயிலு, அவரு கால் மாத்தி மாத்தி வெச்சு நடப்பாரு. எனக்கு அதுதான் கண்ணுலே நிக்குது. ஜோடு வாங்கின மறுவாரம் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனேன். அந்தத் தெருவுலே இந்தக் கடைசியிலேருந்து அந்தக் கடைசி வரைக்கும் நடந்தேன். சத்தம் கேக்கணும்னுதான் குதி உசரமாக் கேட்டு வாங்கினேன். ரெண்டு பேரு திண்ணையிலேருந்து எறங்கி வந்தாங்க. ஒண்ணும் சொல்லலே. பாத்துக்கிட்டே நின்னாங்க. திரும்பி வந்து அப்பாருகிட்டச் சொன்னேன். அவரு ஜோட்டை வாங்கி மடியிலே வெச்சுக்கிட்டாரு."

காபி ஆறிக்கொண்டிருந்தது. புதன்கிழமை வாசற்படியில் இரண்டு கைகளிலும் இரண்டு ஜோடுகளைப் பிடித்துக்கொண்டு நின்ற பையனை நான் மறுபடியும் பார்த்தேன். பாரசீகத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் என் வாயிலிருந்து வரவில்லை.

"பெரியவரே, அன்றைக்கு நான் அவனை..." என்று தொடங்கினேன்.

"தெரியும் சார்" என்றார். "உங்களுக்கு இது தெரியாதில்லே."

தெரியாதுதான். ஆனால் இருபது வருஷமாக இந்த ஜில்லாவின் சரித்திரத்தைச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன் 'தெரியாது' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளக் கூடுமா? யேல் எத்தனை பீரங்கி சுட்டார் என்று பரீட்சைக்குக் கேள்வி போட்டிருக்கிறேன். யாருடைய கையில் யாருடைய செருப்பு இருந்தது என்று கேட்டதில்லை.

பையன் அப்போதுதான் தண்ணீர்க் குடத்துடன் வந்து சேர்ந்தான். என்னைக் கண்டு திகைத்துக் குடத்தை இறக்காமலே நின்றான். "குடத்தை இறக்கு, தம்பி. உன்னிடம் மன்னிப்புக் கேட்க வந்தேன். நாளைக்கு வகுப்பிலே எல்லாருக்கும் முன்னால் மறுபடியும் கேட்பேன்" என்றேன். அவன் தாத்தாவைப் பார்த்தான். "அதெல்லாம் வேணாம் சார்" என்று முணுமுணுத்தான். பிறகு, நான் கேளாமலே, "தாத்தா பெட்டியிலே இருந்தது சார். போட்டுப் பாத்தேன், சரியா இருந்திச்சு. அதான் போட்டுக்கிட்டு வந்தேன்" என்றான். பழைய தெருவின் கதை அவனுக்குத் தெரியுமா தெரியாதா என்று அவன் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

"இப்போது எங்கே அது?" என்று கேட்டேன்.

எடுத்து வந்தான். பழுப்புத் தோல் சுருக்கம் விழுந்திருந்தது. தோல் அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆணி அடித்துச் செய்த குதி. இடது காலின் குதி அடுக்கு விட்டு வாய் பிளந்து ஆடிக்கொண்டிருந்தது. "வாசப்படியிலே நின்னப்போ ஒண்ணு கீழே விழுந்திடுச்சு" என்றான்.

திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்தருகே எனக்குத் தெரிந்த ஒருவர் செருப்புத் தைக்கிறார். அவரிடம் கொடுத்துச் சரிசெய்து தருகிறேன் என்றேன். பெரியவர் சற்றே யோசித்து, பிறகு தலையசைத்தார். சுற்றுவதற்குக் காகிதம் தேடினார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு கைக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் பலரும் பார்த்தார்கள். பக்கத்து ஆசனத்துச் சிறுமி, "யாரோடது அது?" என்று தன் தாயைக் கேட்டாள்.

செருப்புத் தைப்பவர் ஜோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த மாதிரி அடுக்கு வெச்சு இப்ப யாரும் தைக்கிறதில்லீங்க. தோல் நல்ல தோல். அடுக்குப் பூராவும் பிரிச்சுத்தான் வெக்கணும். உசரம் கொறைச்சுடட்டுமா?" என்றார்.

குறைக்க வேண்டாம் என்றேன். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.