வலது கண்ணுக்குப் பின்னால்

ஜூன் 10

பதினொரு மணிக்கே கணினியை அணைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. மட்டாஞ்சேரி பஜார் ரோடு நெடுக லாரிகள், சுக்கு மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பிடித்த வாசனை, இன்று குமட்டியது.

வலி எப்போதும் ஒரே வழியில்தான் வருகிறது. வலப்பக்கப் பிடரியில் ஆரம்பித்து, காதுக்கு மேலே ஏறி, வலது கண்ணுக்குப் பின்னால் வந்து உட்காரும். உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் நேரம் வரை எழுந்திருக்காது. எழுதி வைத்தால்தான் டாக்டரிடம் ஒழுங்காகச் சொல்ல முடியும் என்று இந்த நோட்டு.

ஜூன் 11

மழை. வலி இல்லை. நம்பிக்கையும் இல்லை.

ஜூன் 14

நீரிறக்கம் என்கிறார் அத்தை. குளித்ததும் உச்சந்தலையில் ராஸ்நாதிப் பொடியைத் தேய்த்துவிட்டார். இந்த ஊரில் அந்தப் பொடி இல்லாத வீடு கிடையாது. "தென்காசி உடம்புக்கு இந்த ஊர்த் தண்ணி இன்னும் சேரல." மகள் கல்லூரிக்குப் போகிற வயசாகியும் நான் அவருக்கு இன்னும் தென்காசிதான். ஆனால் அந்தக் கை இதமாக இருந்தது.

யாரிடமும் சொல்லாதது ஒன்று. ராத்திரி முழிப்பு வந்தால், மண்டைக்குள் கட்டி ஏதும் இருக்குமோ என்றுதான் யோசனை ஓடுகிறது. பெரியம்மா ஒருத்தி தலைவலி தலைவலி என்று சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தவள். பக்கத்தில் கணவர் குறட்டை விடுகிறார். எழுப்பிச் சொல்ல மனசு வரவில்லை.

ஜூன் 17

டாக்டர் நிறையக் கேட்டார். இடி விழுந்த மாதிரி ஒரே நொடியில் வந்ததா? காய்ச்சல் உண்டா? கை கால் மரக்கிறதா? எல்லாம் இரண்டாகத் தெரிகிறதா? இருமினால் கூடுகிறதா? எல்லாவற்றுக்கும் இல்லை. கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், கைகளை நீட்டச் சொன்னார், ஒரே கோட்டில் நடக்கவிட்டார். "ஸ்கேன் இப்போது வேண்டாம்."

மாத்திரைக் கணக்குக் கேட்டபோதுதான் அவர் முகம் மாறியது. சாதாரண பாராசிட்டமால்கூட மாதத்தில் பதினைந்து நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவருமாம். இனி அதையும் எழுதிவரச் சொன்னார். பிறகு கழுத்தை இடமும் வலமும் திருப்பச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சீட்டில் எழுதியது ஒரே வரி: பிசியோதெரபி.

வலிப்பது தலை. இவர் கழுத்துக்கு எழுதிக் கொடுக்கிறார். படி இறங்கும்போது அழுகை வந்தது.

ஜூன் 20

இதை விவரமாக எழுத வேண்டும்.

பாலஸ் ரோட்டுப் பக்கம் ஒரு மாடி அறை. மகளைவிட நாலைந்து வயது மூத்த பெண். "சேச்சி, மல்லாந்து படுங்கோ" என்றாள். தலைமாட்டில் நின்று இரண்டு கையாலும் என் தலையை ஏந்தி, தாடை நெஞ்சில் படும் அளவுக்குக் கழுத்தை மடக்கினாள். அப்படியே இடப்பக்கம் திருப்பினாள், சுலபமாகப் போனது. வலப்பக்கம் பாதி வழியில் நின்றுவிட்டது. கதவுக்குப் பின்னால் மூட்டை கிடந்தால் திறக்காதே, அப்படி. கழுத்தை முழுக்க மடக்கினால் கீழ் எலும்புகள் பூட்டிக்கொள்ளுமாம். அப்போது திரும்புவது பெரும்பாலும் மேலே உள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவிலுள்ள மூட்டு மட்டும். நல்ல கழுத்து பக்கத்துக்கு 40 டிகிரிக்கு மேல் திரும்பும்.

பிறகு மண்டையோடு முடிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, வலப்பக்கம், கட்டைவிரலை வைத்து மெதுவாக அழுத்தினாள். வந்துவிட்டது. விரல் இருந்தது பிடரியில், வலி வந்தது கண்ணுக்குப் பின்னால். எனக்குத் தெரிந்த அதே வலி. விரலை அப்படியே வைத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் அது கரைந்து போனது.

கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும் முகத்து உணர்வு நரம்பும் உள்ளே ஒரே இடத்தில்தான் போய்ச் சேர்கின்றன, அதனால் கழுத்திலிருந்து போகிற சேதியை மூளை நெற்றிக்கும் கண்ணுக்கும் பற்று எழுதிவிடுகிறது. இது நான் என் வார்த்தையில் எழுதிக்கொண்டது. இப்படி ஒரு தலைவலி இருக்கிறது என்று 1983-ல் தனிப் பெயர் கொடுத்தவர் நார்வே டாக்டர் ஒட்டார் ஷோஸ்டாட்.

கட்டி இல்லை. அது கட்டி இல்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பெரியம்மாவைப் பற்றியும்.

ஜூன் 21

வலி. முன்னைவிட அதிகம்.

ஜூன் 26

இதைப் போய் உடற்பயிற்சி என்று யாரிடம் சொல்வது? மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காமல், "சரி" என்று சொல்வதுபோலத் தாடையை இம்மி அசைத்துப் பத்து விநாடி பிடிக்க வேண்டும். அவ்வளவுதான். கழுத்தின் முன்பக்கம், ஆழத்தில், எலும்பை ஒட்டிச் சில தசைகள் இருக்கின்றன. தலையை நிலையாகப் பிடிப்பது அவை. அவை சோம்பிவிட்டால் மேலே உள்ள பெரிய தசைகள் அந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு இறுகிப்போகும். அந்தப் பெண் கழுத்துக்கடியில் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டைபோல ஒரு காற்றுப்பை வைத்தாள். முள் 20-ல் தொடங்கி, இரண்டிரண்டாக ஏறி, 30 வரை போக வேண்டும். எனக்கு 24-லேயே தாடை நடுங்கி, கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டது.

"இதுக்கெல்லாம் தெளிவுண்டா?" என்று ஆதாரம் கேட்டேன். அவள் கோபிக்கவில்லை. 2002-ல் ஆஸ்திரேலியாவில் க்வென் ஜல் என்ற பிசியோதெரபிஸ்டும் கூட்டாளிகளும் இதே தலைவலி உள்ள 200 பேரை வைத்துப் பார்த்தார்களாம். கைச்சிகிச்சைக்கும் பலன் இருந்தது, இந்தப் பயிற்சிக்கும் இருந்தது. ஓராண்டு கழித்தும் பலன் நிலைத்தது. எல்லாருக்குமா என்றேன். "எல்லாருக்கும் இல்லை சேச்சி."

அந்த பதிலுக்காகவே அவளை நம்பலாம் என்று தோன்றியது.

ஜூலை 3

பிசியோதெரபி வரிசையில் எனக்கு முன்னால் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர் ஒருவர். நீலச் சட்டை. எங்கள் கிடங்கிலேயே அவரைப் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. என்னை அடையாளம் கண்டுகொண்டு, "கணக்கு எழுதுற சேச்சியல்லே" என்றார். அவருக்கும் பிடரிதான். மூட்டை தலையில் இருக்கும்போது ஒன்றும் தெரியாதாம். இறக்கி வைத்துவிட்டு டீ குடிக்கிற நேரத்தில் ஏறுமாம்.

அவருடைய வாப்பா துறைமுகத்தில் சாப்பாவுக்கு அடித்துக்கொண்டவர். காலையில் கங்காணி அந்த உலோக வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசுவான்; பிடித்தவனுக்கு அன்றைக்கு வேலை. அந்த முறையை எதிர்த்து நடந்த போராட்டத்தில்தான் 1953 செப்டம்பர் 15 அன்று இங்கே, மட்டாஞ்சேரியில், துப்பாக்கிச் சூடு நடந்தது. வாப்பா அன்று கூட்டத்தில் இருந்தாராம். "அவர் சுமைக்காக அடி வாங்கினார். நான் அதே சுமையால இங்க வந்து கிடக்கேன்."

உள்ளே அந்தப் பெண் அவரிடம் இரண்டு வாரம் சுமை வேண்டாம் என்று சொன்னது வெளியே கேட்டது. "வேறே என்ன செய்யும் மோளே?" என்று அவர் கேட்டதும் கேட்டது. அவள் என்ன சொன்னாள் என்பது கேட்கவில்லை. அடுத்து என்னிடம், மேஜையில் கணினித் திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தச் சொன்னாள். நாளையே உயர்த்திவிடலாம்.

ஜூலை 4

உயர்த்திவிட்டேன். பழைய பேரேடுகளை அடுக்கி அதன்மேல் திரை.

இறக்குகூலிப் பட்டியல் போடும்போது கை நின்றது. எத்தனை மூட்டை என்பதற்குப் பத்தி இருக்கிறது. ஒரு மூட்டை எத்தனை கிலோ என்பதற்கு இல்லை. ஒரு ஆண் தொழிலாளி தூக்குகிற சுமை 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்திருக்கிறது, தேடிப் படித்தேன். பென்சிலால் ஒரு பத்தி கூடுதலாகக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். முதலாளி பார்த்தால் கேட்பார். கேட்கட்டும்.

ஜூலை 17

கர்க்கடக மாதம் பிறந்துவிட்டது. அத்தை எண்ணெய் காய்ச்சிப் பிடரியில் தேய்த்தார். அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: சூடும் எண்ணெயும் நல்லதுதான், ஆனால் யாரையும் கழுத்தைச் சொடுக்க விடாதீர்கள், தசை வேலையை எண்ணெய் செய்யாது என்றாள்.

தோர்த்துத் துண்டை வைத்து ஒரு வித்தை கற்றுக்கொண்டேன். தோர்த்தின் ஓரத்தைக் கழுத்தின் மேல் எலும்பில் பிடித்து, முனையைக் கன்னத்தோரமாக முன்னால் இழுத்தபடி தலையைத் திருப்ப வேண்டும். துளியும் வலிக்கக் கூடாது, வலித்தால் நிறுத்திவிட வேண்டும். நியூசிலாந்தில் பிரையன் மல்லிகன் என்பவர் கொண்டுவந்த முறை. வலப்பக்கம் ஜன்னல் தாண்டி அலமாரி வரை தெரிந்தது.

ஜூலை 22

மாத்திரை இல்லை. வலி இருந்தது. தூங்கினேன்.

ஆகஸ்ட் 2

ஞாயிறு. அத்தைக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அவர் துணி தேய்க்கிற தோபிகானாவுக்குப் போனேன். டச்சுக்காரர்கள் படைத்துணி வெளுக்கக் கூட்டிவந்த வண்ணார்களின் வழி வந்தவர்கள் இங்கே வெளுக்கிறவர்கள். இப்போதைய கட்டடம் 1976-ல் வந்தது. முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் துணியைச் செருகித்தான் காயப்போடுவார்கள், கிளிப்பே கிடையாது. உள்ளே அத்தை ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பெட்டியில் சிரட்டைக்கரி. தலை குனிந்தே இருக்கிறது. பெட்டியைத் தூக்கும்போது வலது தோள் காது வரை போகிறது, இறங்குகிறது, போகிறது.

தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். எப்போதும் கட்டுவார். வியர்வைக்கு என்று நினைத்திருந்தேன். அவிழ்த்தபோது நெற்றியில் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது.

"அத்தை, உங்களுக்குப் பிடரி வலிக்குமா?"

"வேலை செஞ்சா வலிக்காதா? சோத்தைப் போடு."

ஆகஸ்ட் 9

எரிச்சல். காரணமில்லாமல் மகளிடம் கத்தினேன். பயிற்சி செய்யவில்லை.

ஆகஸ்ட் 19

ஓணக் கணக்கு. இரண்டு நாளாக ஆறு மணிக்கு மேலும் வேலை. நேற்று மத்தியானம் அதே வழியில் வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது. மாத்திரை போட்டேன். காற்றுப்பை முள் இப்போது 28 வரை போகிறது, மாத்திரைகளும் குறைந்திருக்கின்றன. ஆனாலும் வருகிறது. இது மொத்தமாகப் போகுமா என்று கேட்டால் அந்த பிசியோதெரபிப் பெண் "குறையும்" என்ற சொல்லைத் தாண்டுவதில்லை.

நீலச் சட்டைக்காரர் சிகிச்சைக்கு வருவதை நிறுத்திவிட்டார். கிடங்கில் பார்க்கிறேன், மூட்டையோடு. கேட்டால் "பரவால்ல சேச்சி" என்கிறார். பென்சில் பத்தியை முதலாளி பார்த்துவிட்டார், இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான்கரைக்கு என் முறை. அடுத்த முறையை அத்தை பெயருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அவரிடம் சொல்லவில்லை. மருந்து வாங்கப் போகிறோம் என்று சொல்லித்தான் கூட்டிப்போக வேண்டும், வருவாரா, தெரியாது.