இரண்டு விரல் அளவு

சித்தி மகளுக்குத் தை மாதத்தில் கல்யாணம். ஓசூர்க் குளிர் எலும்பு வரை இறங்கியிருந்த விடியற்காலை மூன்று மணிக்கு மணமகள் அறையில் அவளுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். மேக்கப் போட வந்த அக்கா பெட்டியைத் திறந்ததும் வண்ணங்கள் வெளியே வரும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அவர் முதலில் எடுத்தது கை கழுவ ஒரு சோப்பும் துடைக்க ஒரு வெள்ளைத் துண்டும்தான். கையைக் கழுவிக்கொண்டு வந்து, பெண்ணின் முகத்தை விளக்குப் பக்கம் திருப்பி, "ராத்திரி தூங்கினியா? இந்த வாரத்துல புதுசா ஏதாவது தடவினியா?" என்று கேட்டார். நாடி பார்க்கும் வைத்தியர் கேட்கிற தொனி.

அதற்குப் பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் வண்ணம் எதுவும் வரவில்லை. முகத்தைச் சுத்தம் செய்தார். ஈரம் முழுக்கக் காய்வதற்குள் மாய்ச்சரைசரை விரல் நுனியால் ஒற்றி ஒற்றி வைத்தார். எங்கேயும் தேய்க்கவில்லை. உதட்டுக்குத் தைலம் பூசிவிட்டுப் பேசாமல் காத்திருந்தார். பிறகு மூன்று ஃபவுண்டேஷனைத் தாடையோரமாக மூன்று கோடு இழுத்து, கழுத்தோடு எது கலந்து மறைகிறது என்று பார்த்தார். மறைந்துபோன கோடுதான் சரியான நிறம். கண்ணுக்குக் கீழே கருமைக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு வைத்தார். நம் மாநிறத்தில் கருவளையம் நீலம் பாய்ந்து தெரியும். நீலத்தை அடக்குவது அதற்கு எதிர்நிறமான ஆரஞ்சு.

"இன்னும் கொஞ்சம் வெள்ளையா பண்ணுங்கம்மா" என்றார் சித்தி.

"கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம்னு ஆயிடுங்க. பொண்ணு பொண்ணாவே இருக்கட்டும்" என்றார் அக்கா, கை நிற்காமல்.

அந்தப் பதிலைக் கேட்டு நான் முகத்தைத் தாழ்த்திக்கொண்டேன். அப்போது என் முகம் இருந்த நிலை அப்படி.

கம்பெனியில் சேர்ந்த புதிதில், விடுதியில் பக்கத்துக் கட்டில் பெண் ஒரு ட்யூபைக் காட்டினாள். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே கொடுத்தார்கள். பத்தே நாளில் முகம் வெளுத்தது, பரு அடங்கியது. ஊருக்குப் போனபோது எல்லோரும் அதிசயமாகப் பார்த்தார்கள். நான்காவது மாதம் கன்னத்தில் சிவப்பு நரம்புகள் நூல்போலத் தெரிய ஆரம்பித்தன. வெயில் பட்டால் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிந்தது. பூசாமல் விட்டால் முன்பைவிட அதிகமாகப் பரு வெடித்தது. பயந்து மறுபடி பூசினேன். இப்படியே ஒரு வருடம் போயிற்று.

கல்யாணப் பந்தியில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொன்னேன். அவர் எனக்கு ஒரு பொருளையும் சிபாரிசு செய்யவில்லை. "நான் போடறது முகூர்த்தம் முடியற வரைக்கும் நிக்கும்மா. அதுக்குக் கீழ இருக்கறதுதான் உன்னோடது. முதல்ல தோல் டாக்டரைப் பாரு. அப்புறம் எங்கிட்ட வா" என்றார்.

தோல் டாக்டர் அந்த ட்யூபைப் புரட்டிப் பார்த்துவிட்டு விளக்கினார். அதில் இருந்தது ஸ்டீராய்டு. அது தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், நிறமியைக் குறைக்கும். அதனால் முதலில் வெளுப்பு வரும். நாளாக நாளாகத் தோலே மெலிந்துபோகும். இப்படிக் கெட்டுப்போன முகங்கள் நாடு முழுக்க வந்துகொண்டிருந்ததால், தோல் மருத்துவர்கள் இதற்கென்றே குழு அமைத்துப் போராடினார்கள். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது. ஆனால் விடுதிக் கட்டில்களுக்கிடையே ட்யூப் கைமாறுவதை எந்தச் சட்டமும் பார்ப்பதில்லை. டாக்டர் அதைச் சட்டென்று நிறுத்தவிடாமல் படிப்படியாகக் குறைத்தார். முகம் எரியாமல் விடிவதற்கு எனக்கு ஏழு மாதம் ஆயிற்று.

அதன் பிறகுதான் அக்காவிடம் போனேன். ஓய்வு நாள்களில், முகூர்த்தம் இல்லாத மதியங்களில், அவருடைய பிரஷ்களைக் கழுவிக் கொடுத்துக்கொண்டே கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு பிரஷையும் சோப்பு நுரையில் கழுவி, தண்ணீர் பிடிப்பகுதிக்குள் இறங்காதபடி தலைகீழாகக் காய வைப்பார். ஒருவருக்குப் போட்ட மையை இன்னொருவர் கண்ணில் வைக்கமாட்டார். புதுப் பொருள் எதுவானாலும் முதலில் காதுக்குப் பின்னால் பூசி இரண்டு மூன்று நாள் பார்க்கச் சொல்வார். ஒரே நேரத்தில் இரண்டு புதுப் பொருளைத் தொடங்கவே கூடாது என்பார். முகம் பொரிந்தால் எது பொரித்தது என்று தெரிய வேண்டாமா?

இது எனக்குச் சட்டென்று புரிந்தது. நான் லைனில் தரம் பார்க்கிறவள். ஒரு பாகம் பழுதாக வந்தால் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து பார்ப்போம். நான்கை ஒன்றாக மாற்றினால் காரணம் தொலைந்துபோகும். கம்பெனியில் ஒன்றின் பின் ஒன்றாகச் செய்ய வேண்டியதை எழுதி மிஷின் மேல் ஒட்டியிருப்பார்கள். அக்காவின் மனதிலும் அப்படி ஒரு தாள் ஒட்டியிருந்தது. சுத்தம், ஈரம், காப்பு, அதன் பிறகே வண்ணம்.

எங்கள் ஊருக்கு ஏற்றபடி அந்த வரிசையை நான் அமைத்துக்கொண்டேன். முதல் இடைஞ்சல் தண்ணீர். ஃபுளோரைடுக்குப் பயந்து வாழ்ந்த கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களுக்கு 2013-இல் ஒகேனக்கல் குடிநீர் வந்தது. குடிக்க அது. குளிக்க இன்றும் பல வீடுகளில் போர் தண்ணீர்தான். பாறையைத் துளைத்து வரும் அந்த உப்புத் தண்ணீர் பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து முகத்திலும் படிகிறது. தோல் இயல்பில் லேசான புளிப்புத் தன்மை உடையது. அதன் கார அமில அளவு ஐந்தை ஒட்டியிருக்கும். குளியல் சோப்போ ஒன்பது பத்து. ஆகவே முகத்துக்கு மட்டும் சோப்பை விட்டேன். மென்மையான ஃபேஸ்வாஷ், கடைசியாகக் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஒரு சொம்பு. துடைத்ததும் ஈரத்தோடு மாய்ச்சரைசர். மார்கழியில் கன்னம் வெடித்து வெள்ளை வெள்ளையாக உரிவது அந்த வருடமே நின்றது.

இரண்டாவது, வெயில். ஓசூர் ஏறத்தாழ 880 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரியில் புழுங்கிக்கொண்டு ஏறிய பஸ்ஸில் சூளகிரி தாண்டும்போது காற்று மாறுவதை உடம்பே சொல்லும். இந்தக் குளிர்ச்சி நம்மை ஏமாற்றுகிறது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடும். வெக்கை தெரியாததால் வெயிலே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி, தோலைச் சுட்டுச் சிவக்கவைக்கும் கதிரைத்தான் பெரும்பாலும் தடுக்கும். கருமையையும் சுருக்கத்தையும் தருகிற கதிர் உள்ளே வந்துவிடும். அதனால் எஸ்பிஎஃப் 30, அதோடு பிஏ+++ என்று அட்டையில் போட்டிருக்கிறதா என்று பார்த்து சன்ஸ்கிரீன் வாங்கக் கற்றுக்கொண்டேன்.

அளவுதான் அக்கா அடித்துச் சொன்ன பாடம். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனி வரை இரண்டு கோடு பிழிந்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தடவைக்குச் சரி. பொட்டுப் பொட்டாக வைத்துத் தேய்த்தால் அட்டையில் போட்ட காப்பில் பாதிகூடக் கிடைக்காது. ஐம்பது கிராம் ட்யூப் இந்த அளவில் ஒன்றரை மாதம் வரும். கணக்குப் போட்டால் நாளைக்குப் பத்து ரூபாய். சம்பளத்தில் பாதியை வீட்டுக்குக் கொடுக்கிறவளுக்கு அது சின்னத் தொகையில்லை. ஆனால் முகம் வெளுக்க நான் முன்பு கொட்டியது அதைவிட அதிகம்.

ஆறு–இரண்டு ஷிப்டுக்கு விடியற்காலை நான்கரைக்கு முகம் கழுவுவேன். இரண்டு–பத்துக்கு மதியம். இரவு ஷிப்டு வாரத்தில் சன்ஸ்கிரீன், காலை வீடு திரும்பும் பஸ்ஸில் ஏறுவதற்கு முன். கடிகாரம் வாரத்துக்கு ஒருமுறை தலைகீழானாலும் வரிசை மாறாது. அந்தப் பத்து நிமிடம் யாருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. எண்ணிக்கை இல்லை, இலக்குப் பலகை இல்லை. மூன்று ஷிப்டு வாழ்க்கையில் என் கையாலேயே எனக்கு ஒன்றைச் செய்துகொள்கிற நேரம் அது ஒன்றுதான்.

மேக்கப்? அதற்கு என் வேலையிடத்தில் அனுமதி இல்லை. 1980-களின் பிற்பகுதியில் இந்த ஊரிலிருந்து டைட்டன் கடிகாரங்கள் வரத் தொடங்கியது முதல், இன்று தேன்கனிக்கோட்டைப் பக்கம் பல்லாயிரம் பெண்கள் அலைபேசி பாகங்கள் செய்வது வரை, ஓசூர் நுண்ணிய வேலையில் வளர்ந்த ஊர். தூசி ஆகாத அறைக்குள் பவுடர் ஆகாது, மை ஆகாது, லிப்ஸ்டிக் ஆகாது. பவுடரின் ஒரு துகள் போதும், ஒரு பாகம் வீணாக. தொப்பிக்கும் முகக்கவசத்துக்கும் நடுவே கண்கள் மட்டும் தெரியும். தொடக்கத்தில் அது என்னை முகமே இல்லாதவளாக ஆக்கியது. பிறகு பயிற்சியில் ஒரு விஷயம் சொன்னார்கள்: அந்த அறைக்குள் வரும் தூசியில் பெரும்பங்கு மனிதர்களிடமிருந்தே வருகிறது, அதில் முக்கியமானது உதிரும் தோல். வறண்ட தோல் அதிகம் உதிரும். என் தோலை நான் நன்றாக வைத்திருப்பதும் வேலையின் தரம்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது. வண்ணத்தையே தொழிலாகக் கொண்ட அக்காவும், வண்ணத்தை வாசலிலேயே நிறுத்துகிற கம்பெனியும் ஒரே இடத்தைத்தான் சுட்டிக்காட்டினார்கள்.

வண்ணத்தை நான் வெறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சந்திரசூடேஸ்வரர் மலைக்குப் போகும்போது, என் கழுத்தின் நிறத்திலேயே மெல்லிய ஃபவுண்டேஷன், மை, செங்கல் நிற லிப்ஸ்டிக், நெற்றியில் பொட்டு. கண்ணாடியில் தெரிபவள் என் அப்பாவின் நிறத்தில் இருக்கிறாள். 1975-இல் வந்த ஒரு க்ரீம் 45 வருடம் "ஃபேர்" என்ற சொல்லைச் சுமந்துவிட்டு 2020-இல்தான் அதை உதறியது. அந்தச் சொல்லைக் கேட்டே வளர்ந்த மூன்று தலைமுறைப் பெண்கள் எங்கள் வீட்டில் இருக்கிறார்கள். பெயர்ப்பலகையில் உதிர்ந்த சொல் எங்கள் வாயிலிருந்தும் உதிர வேண்டும். கறுப்பு மறைக்க வேண்டிய கறை அல்ல. நம் தோலின் நிறமி, வெயிலுக்கென்று நாம் பிறக்கும்போதே கூட வந்த குடை.

மேக்கப் பெட்டியே பெண்ணின் கைக்கு எளிதாக வரவில்லை என்பதையும் அக்காதான் சொன்னார். மும்பைத் திரைத்துறைச் சங்கத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெண்கள் முடி அலங்காரம் செய்யலாம், மேக்கப் போடக் கூடாது என்று விதி இருந்தது. சாரு குரானா என்ற ஒப்பனைக் கலைஞர் வழக்குத் தொடர்ந்தார். 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த விதியைத் தூக்கி எறிந்தது. இன்று தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் எங்கள் எல்லையோர ஊர்களில், பெட்டியோடு ஸ்கூட்டரில் அத்திப்பள்ளிக்கும் பாகலூருக்கும் ராயக்கோட்டைக்கும் விடியலுக்கு முன் கிளம்புகிற பெண்களைப் பார்க்கிறேன். மூன்று மொழியிலும் அவர்கள் பெயர் "அக்கா"தான்.

என் அம்மா பாகலூர்ப் பக்கம் பிளாஸ்டிக் கூரை போட்ட ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்கிறார். பிப்ரவரியில் காதலர் தினத்துக்காக ஓசூர் ரோஜாக்கள் வெளிநாட்டுக்கு விமானம் ஏறும்போது, அம்மாவுக்கு இடுப்பு நிமிர நேரம் இருக்காது. இருபது வருடமாக ரோஜா பறித்த அந்த முகத்தில் இரண்டு கன்னத்திலும் மங்கு. "வயசானா வர்றதுதான கண்ணு" என்று விட்டுவிட்டார். டாக்டரிடம் கூட்டிப்போனேன். மங்குக்கு வெயில் மட்டும் காரணமில்லை. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் வெக்கையும்கூட அதைக் கூட்டும். பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே வேலை செய்தால் வெயில் படாது என்று நாங்கள் இத்தனை நாள் நம்பியிருந்தோம். இரும்பு ஆக்சைடு சேர்த்த, தோல் நிறத்திலேயே இருக்கும் சன்ஸ்கிரீனை டாக்டர் எழுதிக் கொடுத்தார். முழுக்கப் போகாது, மங்கலாகும், பொறுமை வேண்டும் என்றார்.

முதல் வாரம் அம்மா ஒரு பொட்டு வைத்துத் தேய்த்துவிட்டு ட்யூபை மூடிவிடுவார். காசு போகிற கவலை. பூவுக்கு மருந்து அடிக்கும்போது அளவு குறைத்து அடிப்பீர்களா என்று ஒருநாள் கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை.

போன வாரம் இரவு ஷிப்டு முடிந்து வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா வாசல் வெளிச்சத்தில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து உட்கார்ந்திருந்தார். முள் கீறிக் கீறித் தடித்த இரண்டு விரலில் இரண்டு கோடு, அடியிலிருந்து நுனி வரை. என்னைப் பார்த்ததும், "அளவு சரியா இருக்கா கண்ணு?" என்று கையை நீட்டினார்.