செயலற்ற கணக்குகள்

நம் சிறுபத்திரிகைகளில் மிக அதிக தடவை அச்சான வாக்கியம் எது என்று யாராவது உட்கார்ந்து எண்ணினால், அது ஒரு கவிதை வரியாகவோ விமர்சன முடிவாகவோ இருக்காது. 'இதழ் தாமதத்திற்கு வருந்துகிறோம்' என்பதாகத்தான் இருக்கும். அடுத்த இடம் 'அடுத்த இதழில் முடியும்' என்பதற்கு. இரண்டையும் நானும் அச்சிட்டிருக்கிறேன். முதலாவதை ஐந்து தடவை, இரண்டாவதை ஒரே தடவை. அந்த ஒரு தடவைக்குப் பின் அடுத்த இதழ் வரவில்லை.

2016 ஜனவரியிலிருந்து 2020 பிப்ரவரி வரை நான் ஒரு தாள் நடத்தினேன். பத்திரிகை என்று சொல்லக் கூச்சமாக இருப்பதால் தாள் என்கிறேன். நாலு பக்கம். தலைப்பின் கீழே 'தனிச்சுற்றுக்கு மட்டும்'. எல்லாவற்றையும் நானே எழுதினேன். மற்றவர்களிடம் கேட்டு வாங்கும் தைரியம் இல்லாததற்கு அப்போது சுதந்திரம் என்று பெயர் வைத்திருந்தேன். நாகர்கோவிலில் அச்சடித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மடித்து, விலாசம் எழுதி, எண்பத்திரண்டு பேருக்கு அனுப்புவேன். சந்தா கிடையாது. இரண்டு மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கில் இருபத்தைந்து வந்திருக்க வேண்டும். வந்தவை பதினேழு.

எண்பத்திரண்டு விலாசங்களுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். பதில் எழுதியவர் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு கோடு. பதினேழாவது தாள் போன சமயத்தில் கோடு விழுந்த பெயர்கள் பத்தொன்பது. மீதி அறுபத்துமூன்று பேரையும் மனசுக்குள் ஒரு மாதிரி தள்ளிவைத்துவிட்டேன். ஊரடங்கு வந்தது, அச்சகம் மூடியது. இது நியாயமான காரணம். அச்சகம் திறந்த பிறகும் நான் திறக்கவில்லை என்பதற்குக் காரணம் வேறு. யாராவது கேட்கட்டும் என்று காத்திருந்தேன். ஒருவர்கூடக் கேட்கவில்லை, சிவப்புக் கோடு விழுந்த பத்தொன்பது பேர் உட்பட. அதற்குப் பின் நாலைந்து வருஷம், கூட்டங்களிலும் டீக்கடைகளிலும், தமிழ் வாசகனுக்குச் சுரணை இல்லை என்ற கருத்தை மிகுந்த ஈடுபாட்டோடு சொல்லிவந்தேன். கேட்டவர்கள் யாரும் மறுக்கவில்லை. அவர்களும் எழுதுகிறவர்கள்தான்.

இந்தக் குற்றச்சாட்டு நம் வட்டத்தின் பரம்பரைச் சொத்து. ஆனால் நம்முடைய சரித்திரமே இதற்கு முழுச் சாட்சி சொல்வதில்லை. 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா 'எழுத்து'வைத் தொடங்கியபோது, இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று தாமே ஒரு வரம்பு விதித்துக்கொண்டார். அந்த வரம்பை எட்டும் சங்கடம் அவருக்குக் கடைசிவரை நேரவில்லை. என்றாலும் 1970இல் நிற்பதற்குள் 119 இதழ்கள் வந்தன. வந்துகொண்டே இருந்ததால்தான் அதில் வாக்குவாதம் என்று ஒன்று சாத்தியமாயிற்று. வெங்கட் சாமிநாதன் அதற்குள் நுழைந்தது கடிதம் எழுதிய வாசகராகத்தான். ஒரு கட்டுரைக்கு மறுப்பு எழுத நினைப்பவனுக்கு, தன் மறுப்பு வெளிவர அடுத்த மாதம் ஒரு இடம் இருக்கும் என்ற நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கையைச் செல்லப்பா கொடுத்தார். புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக அவர் அலைந்ததைப் பற்றி உருக்கமாகப் பேசுகிறோம். மாதாமாதம் இதழ் வந்ததைப் பற்றிப் பேசுவது குறைவு.

எங்கள் ஊர்ப் பக்கமே எடுத்துக்கொள்ளலாம். 1976இல் தொடங்கிய 'கொல்லிப்பாவை'யை இன்று ராஜமார்த்தாண்டன் பெயரோடு சேர்த்து நினைக்கிறோம். 1988இல் சுந்தர ராமசாமி 'காலச்சுவ'டைக் காலாண்டிதழாகத் தொடங்கினார். எட்டு இதழ்களில் அது நின்றது. 1991இல் ஒரு சிறப்பு மலர், 1994இல் வேறு கைகளில் மறுபடியும் தொடக்கம். இந்த இடைவெளிகளுக்கெல்லாம் காரணம் உண்டு. பணம், உடம்பு, அலுப்பு. யாரையும் குறை சொல்ல எனக்கு அருகதை கிடையாது. ஆனால் இடைவெளியின்போது வாசகன் என்ன ஆகிறான் என்ற கேள்வியை நாம் கேட்டதில்லை. அவன் நாம் விட்ட இடத்திலேயே, பஸ் ஸ்டாண்டில் நிற்பவன் மாதிரி நின்றுகொண்டிருப்பான் என்று எடுத்துக்கொள்கிறோம்.

இதற்கு நேர்மாறான காரியம் ஒன்றும் இதே மாவட்டத்தில் நடந்தது. ஜெயமோகன் 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை மகாபாரதத்தை 'வெண்முரசு' என்ற பெயரில் இருபத்தாறு நாவல்களாக எழுதி, நாளுக்கு ஒரு அத்தியாயமாக இணையத்தில் வெளியிட்டார். நாவலுக்கும் நாவலுக்கும் நடுவில்தான் இடைவெளி. அந்தப் படைப்பைப் பற்றிய என் மதிப்பீடு இங்கு விஷயமில்லை. நம் நண்பர்கள் பலர் அதைக் கேலி செய்தபோதும், கேலி செய்வதற்காகவாவது காலையில் எழுந்து அன்றைய அத்தியாயத்தைப் படித்தார்கள் என்பதை நான் அறிவேன்.

நாள் தவறாமை மட்டும் போதுமா என்று கேட்கலாம். போதாது. வியாபாரப் பத்திரிகைகளும் நாள் தவறுவதில்லை. சாமுவேல் ஜான்சன் 'ராம்ப்ளர்' என்ற தாளை 1750 மார்ச்சிலிருந்து 1752 மார்ச் வரை செவ்வாயும் சனியும் வெளியிட்டார். மொத்தம் 208. நாலைந்தைத் தவிர மற்றதெல்லாம் அவரே எழுதியது, அதுவும் அகராதி வேலைக்கு நடுவில். ஒரு தாளுக்கு அவருக்கு இரண்டு கினி கிடைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். விற்றது ஐந்நூறுக்கும் குறைவு. பின்னால் தொகுதிகளாக வந்தபோதுதான் பரவலாகப் போயிற்று. கல்லூரியில் இதை ஒரு பரீட்சைக் குறிப்பாகப் படித்தபோது ஐந்நூறு என்ற எண் மட்டும்தான் மனசில் பட்டது. ஜான்சனுக்கே அவ்வளவுதான் என்ற ஆறுதல். இருநூற்றெட்டு என்ற எண் கண்ணில் படவில்லை.

வியன்னாவில் கார்ல் க்ராஸ் நடத்திய 'ஃபாக்கெல்' இன்னொரு மாதிரி. 1899இலிருந்து 1936 வரை வந்தது. 1911 கடைசியிலிருந்து அநேகமாக முழுவதையும் அவர் ஒருவரே எழுதினார். ஒழுங்கான தேதி கிடையாது. ஆனால் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் அது பல மாதங்கள் வெளிவராமல் இருந்தபோது, அந்த மௌனமே வாசகர்களிடையே பெரிய சர்ச்சையாயிற்று. ஏன் பேசவில்லை என்று கோபப்பட்டார்கள். கடைசியில் நாலே பக்கத்தில் ஒரு இதழ் வந்தபோது அதற்கும் சண்டை. ஒருவன் வாயை மூடிக்கொண்டால் அது தங்களுக்கு இழைத்த துரோகம் என்று நினைக்கும் அளவுக்கு உறவு ஏற்பட்டிருந்தது. நானும் நாலு பக்கம்தான் எழுதினேன், நானும் வாயை மூடினேன். எண்பத்திரண்டு வீட்டில் ஒரு வீட்டிலும் ஒன்றும் நடக்கவில்லை. அப்படித்தான் போன ஐப்பசி வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு சேமிப்புக் கணக்கில் அதற்கு உரியவர் இரண்டு வருஷத்துக்கு மேல் எந்த வரவுசெலவும் செய்யாவிட்டால் அது செயலற்ற கணக்காகிவிடும். நாங்கள் வட்டியை வரவு வைத்துக்கொண்டுதான் இருப்போம். ஆனால் அது அவர் செய்த காரியம் இல்லையாதலால் கணக்கில் சேராது. பத்து வருஷம் கேட்பாரற்றுக் கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கி 2014இல் ஏற்படுத்திய ஒரு நிதிக்குப் போய்விடும். அதற்குப் பிறகும் உரியவர் வந்து கேட்டால் வங்கி கொடுத்தே ஆகவேண்டும். தினமும் செய்கிற வேலைதான் இது. இதில் யோசிக்க ஏதாவது இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதில்லை.

மழை பிடித்த ஒரு திங்கட்கிழமை, எண்பதை நெருங்கும் ஒரு ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் பாஸ்புக்கை பாலிதீன் உறையில் சுற்றிக்கொண்டு என் கவுண்டருக்கு வந்தார். பூதப்பாண்டிப் பக்கம். என் நோட்டில் அவர் விலாசம் உண்டு, கோடு கிடையாது. முகம் எனக்குத் தெரியாது. அவருக்கு என்னைத் தெரிந்திருந்தது.

"கணக்கு செத்துப்போச்சுன்னு சொல்லுகாவ. உயிரு குடுக்கணும் தம்பி" என்றார். ஆதார் நகலும் படிவமும் வாங்கிக்கொண்டேன். கையெழுத்துப் போட்டு முடித்தவர் நகரவில்லை.

"அந்தத் தாளு இப்பம் வரல்லியே?"

"நின்னு போச்சு சார்."

"நின்னு போச்சா, நீங்க நிறுத்தினதா?"

பின்னால் வரிசை இருந்தது. நான் பதில் சொல்லவில்லை. அவர் பாலிதீன் உறைக்குள்ளிருந்து மடித்த முழுநீளக் காகிதங்கள் நாலை எடுத்து, படிவத்தோடு சேர்த்து ஜன்னல் வழியாக உள்ளே தள்ளினார். "நீங்க முடிக்கட்டும்னு வச்சிருந்தேன். ஒருத்தன் சொல்லி முடிக்கதுக்கு முந்தி மறுத்துப் பேசப்படாதுல்லா?"

பதினேழாவது தாளில் நான் எழுதியிருந்தது கவிமணியின் 'மருமக்கள்வழி மான்மியம்' பற்றி. 1917-18இல் 'தமிழன்' பத்திரிகையில் தொடராக வந்த படைப்பு. ஒருவன் சொத்து அவன் பிள்ளைகளுக்குப் போகாமல் சகோதரி பிள்ளைகளுக்குப் போகும் வழக்கத்தால் நாஞ்சில்நாட்டு வேளாளர் வீடுகள் பட்ட பாட்டைச் சொல்வது. 1926இல் திருவிதாங்கூரில் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்து அந்த வாரிசு முறை போயிற்று. ஆகவே அந்தப் படைப்பின் வேலை 1926இல் முடிந்துவிட்டது, இன்று அது ஒரு சரித்திர ஆவணம் மட்டுமே என்று எழுதியிருந்தேன். சமூகப் பயனும் கலை மதிப்பும் வேறு வேறு என்ற நம் வட்டத்துச் சூத்திரத்தைத்தான் அங்கே பொருத்தியிருந்தேன். செய்யுள் பற்றி இரண்டாம் பகுதியில் பார்க்கலாம், அடுத்த தாளில் முடியும் என்று போட்டிருந்தேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் எழுதியதைப் படித்தேன். ஆசிரியர் கையெழுத்து, தேதி 2020 மார்ச் முதல் வாரம். அவர் சொல்லியிருந்தது சுருக்கமாக இது: நீங்கள் காரணவரையும் மருமகனையும் மகனையும் பார்த்தீர்கள். அவர்கள் வழக்காடுகிறவர்கள், அவர்களுடைய வழக்கு சட்டம் வந்ததும் தீரும். ஆனால் அந்தப் பாட்டைப் பாடுகிறவள் ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி. அவள் குரலைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வாக்கியம் இல்லை. அந்தச் சட்டமோ அந்த வழக்கமோ ஒன்றும் தெரியாமல் பெங்களூரில் வளரும் என் பேத்திக்கு வாசித்துக் காட்டினேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். வேலை முடிந்துபோன பாட்டு இதை எப்படிச் செய்யும்?

எனக்குப் பதில் இல்லை. அன்றைக்கு என் இரண்டாம் பகுதி எழுதப்படாமல் போனதற்கு உண்மையான காரணமும் அப்போதுதான் தெரிந்தது. செய்யுளைப் பற்றி எழுத உட்கார்ந்திருந்தால் அந்தக் குரலை எதிர்கொள்ள வேண்டியிருக்கும், முதல் பகுதி விழுந்துவிடும். ஊரடங்கு எனக்குச் சௌகரியமாக வந்து சேர்ந்தது. வாசகனுக்குச் சுரணை இல்லை என்ற பேச்சு அதைவிடச் சௌகரியம்.

வாசகன் ஏன் திரும்ப வருகிறான் என்பதைப் பற்றி இப்போது எனக்குத் தோன்றுவதை ஒரு கோட்பாடாகச் சொல்ல விருப்பமில்லை. அந்தத் தொடர் வந்த காலத்தில் நாஞ்சில்நாட்டில் அதை வாசித்த ஒரு காரணவரையோ மருமகனையோ நினைத்துப் பார்க்கிறேன். அடுத்த பகுதியில் பேசப்படப்போவது அவன் வீட்டு விஷயம். அவனுக்கு அதில் பங்கு உண்டு, பாத்தியதை உண்டு, கோபம் உண்டு. என் தாளின் எண்பத்திரண்டு பேரில் ஒருவருக்காவது அப்படி ஒரு பாத்தியதை ஏற்பட்டிருக்கிறது, எனக்குத் தெரியாமலே. நான் சிவப்புக் கோடு போட்டதெல்லாம் 'தாள் கிடைத்தது, நன்றி' என்று எழுதியவர்களுக்கு. வட்டி வரவு மாதிரி. மறுப்பை எழுதி வைத்துக்கொண்டு, மரியாதை கருதி நாலரை வருஷத்துக்கு மேல் காத்திருந்தவர் செயலற்ற கணக்கில் இருந்தார். கணக்கை யார் செயலற்றதாக்கியது என்பதுதான் அவர் கவுண்டரில் கேட்ட கேள்வி.

செயலற்ற கணக்கு உயிர் பெற ஒரு வரவோ செலவோ நடக்க வேண்டும். அவர் நூறு ரூபாய் கட்டினார். பாஸ்புக்கில் பதிந்து கொடுத்தபோது, அடுத்த தாள் எப்போது என்று கேட்டார். தை முதல் வாரம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பயமாக இருந்தது.

அவருடைய நாலு பக்கத்தையும் அவர் அனுமதியோடு அப்படியே அச்சிடப்போகிறேன். அடியில் என் பதில். அதை இன்னும் எழுதவில்லை. நோட்டைப் பிரித்து எண்பத்திரண்டு விலாசங்களையும் திரும்ப எழுத ஆரம்பித்திருக்கிறேன். மூன்று பேர் இறந்துவிட்டார்கள். சிலர் வீடு மாறியிருப்பார்கள். சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை.