கல்முனையில் ஒரு குரலைத் தேடி

மட்டக்களப்பு நகரை விட்டுக் கல்லடிப் பாலத்தைக் கடந்து தெற்கு நோக்கிச் செல்வோர்க்கு இடப்புறம் கடலும் வலப்புறம் வாவியும் வழித்துணையாக வரும். பாலத்துக்கப்பால், கல்லடி உப்போடையில், சுவாமி விபுலானந்தரின் சமாதி இருக்கின்றது. ஏறத்தாழ 40 கிலோமீற்றர் சென்றாற் கல்முனை; சாய்ந்தமருதையும் தாண்டினால், அவர் 1892ஆம் ஆண்டிற் பிறந்த காரைதீவு. பண்டை யாழ்களை ஆராய்ந்து 1947இல் ‘யாழ் நூல்’ தந்த பெரியார் துயிலும் மண்ணுக்கும் பிறந்த மண்ணுக்கும் இடையிலே, ஒலியைப் பற்றிய வழக்கொன்றைத் தீர்க்க நாம் சென்றமை தற்செயலேயாயினும், வழிநெடுக அவர் நினைவு எம்மை விட்டகலவில்லை.

வழக்கு இதுதான். எம்மோடு ஒரே கல்லூரியிற் பல்லாண்டு கற்பித்து ஓய்வுபெற்ற முஸ்லிம் நண்பர் ஒருவர் கல்முனைக்குடியில் வாழ்கிறார். அவருடைய தாயார் கவி படிப்பதில் வல்லவர். 1980களில் யாரோ ஒருவர் அவர் குரலைக் கசற்று நாடாவிற் பதிந்து வைத்திருந்தார். தாயார் காலமானார். பின்னர் 2004 டிசம்பர் 26ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலை, அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. கரையோரத்திலிருந்த நண்பரின் பழைய வீடும் நிழற்படங்களும் அதனுடன் சென்றன. அந்நாடா சம்மாந்துறையில் உறவினர் வீட்டில் இருந்தமையால் தப்பியது. தாயாரின் நினைவாக எஞ்சியது அதுவொன்றே.

அக்குரலை நன்றாகக் கேட்கவேண்டும் என்பதற்காக நண்பர் தம் பணிக்கொடையிற் பெரும்பகுதியைச் செலவிட்டு உயர்தர ஒலிபெருக்கிப் பெட்டிகள் வாங்கத் துணிந்தார். கொழும்பில் ஒரு விற்பனையாளர், ஆளுயரப் பெட்டிகள் இரண்டை ஒரு கிழமை வைத்துக் கேட்டுப் பார்க்கும்படி கொடுத்தனுப்பினார். பெரிய மண்டபத்திலே கேட்டபோது உள்ளத்தை உருக்கிய அப்பெட்டிகள், வீட்டறையிலே கிணற்றுக்குள்ளிருந்து பேசுவன போல் முழங்கின. “இது எங்கட உம்மாட குரலில்லை, சேர்” என்று தொலைபேசியில் அவர் சொன்னபோது அவருடைய குரலே கம்மியிருந்தது. எம் வீட்டுச் சிறு பெட்டிகள் இரண்டையும் காரின் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு, மறுநாட் காலையிலேயே புறப்பட்டோம்.

மருதமுனையிற் கைத்தறி ஓசை கேட்டது. பாண்டிருப்பு கடந்தது. கல்முனைக் கடைவீதியின் நெரிசலில் அரை மணி கழிந்தது. சோறும் மீன் ஆணமும் எருமைத் தயிருமாக நண்பரின் இல்லத்தார் உபசரித்தனர். அஸர் தொழுகைக்காக நண்பர் பள்ளிக்குச் சென்றிருந்த வேளையில், அளவு நாடாவுடன் நாம் அறைக்குட் புகுந்தோம்.

அறை நீளத்தில் 3.6 மீற்றர், அகலத்திலும் அதுவே. சீமெந்துச் சுவர், ஓடு பதித்த தரை. கைதட்டினால் ஒலி சுவருக்குச் சுவர் துள்ளிற்று. எமது வெப்பநிலையில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் செல்லும். இரு சுவர்களிடையே போய்வரும் தூரமான 7.2ஆல் அதனை வகுத்தால், செக்கனுக்கு 49 அதிர்வு வரும். அவ்வதிர்வு எழும்போதெல்லாம் அறை பரிவுற்றுத் தானும் முழங்கும். சதுர அறையாதலின் நீளமும் அகலமும் ஒரே அதிர்வுக்கு ஒத்தூதுகின்றன.

இனி நாடாவைப் பார்ப்போம். நம் நாட்டு மின்னோட்டம் செக்கனுக்கு 50 முறை மாறுவது. பழைய பதிவுக் கருவியின் வழியே அந்த 50 அதிர்வு ஒரு முனகலாகத் தாயார் குரலோடு பதிந்துவிட்டது. அறை முழங்குவது 49. நாடா முனகுவது 50! மிகத் தாழ்ந்த ஒலியையும் நேர்மையாகத் தரவல்ல அப்பெரும் பெட்டிகள், அம்முனகலையும் நேர்மையாகவே தந்தன. அறை அதனைப் பன்மடங்காக்கிற்று. பெட்டிகள் இரண்டும் மூலைகளில் ஒட்டி நின்றமையும், நண்பரின் நாற்காலி பின்சுவரோடு சாய்ந்திருந்தமையும் எரியும் நெருப்பில் நெய் வார்த்தன. அன்றியும், அவருடைய சிறு பெருக்கி 8 ஓம் தடையுள்ள பெட்டிகளுக்கென ஆக்கப்பட்டது. வந்தவையோ 4 ஓம். ஆக, பெட்டியிற் பிழையில்லை, பொருத்தத்திலேயே பிழை.

யாழில் நரம்பு தனியே பேசாது. அதன் அடியிலுள்ள பத்தரே அதிர்வை வாங்கி உலகுக்குக் கேட்கச் செய்கிறது. ஒலிபெருக்கி நரம்பாயின், அறையே அதற்குப் பத்தர். இதனை மேனாட்டாரும் பட்டறிந்தே உணர்ந்தனர். 1895ஆம் ஆண்டளவில் ஹாவாட் பல்கலைக்கழகத்து விரிவுரை மண்டபமொன்றிற் பேச்சு விளங்கவில்லை என்று முறைப்பாடு எழ, வாலஸ் சபின் என்னும் பேராசிரியர் வேறொரு மண்டபத்து இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து பரப்பி, எதிர்முழக்கம் எவ்வளவு குறைகின்றதென இரவிரவாக அளந்தார். 1970களில் பீ.பீ.சி. பொறியியலாளர், வெளிக்கள ஒலிபரப்பு வாகனத்தின் சிற்றறைக்கென்றே கைக்கடக்கமான ஒலிபெருக்கியொன்றை ஆக்கினர். மனிதக் குரலை இயல்பாகத் தருவதில் அது இன்றும் பெயர் பெற்றது.

நண்பர் திரும்பியதும் வேலை தொடங்கிற்று. பெரும் பெட்டிகளை வெளியேற்றினோம். சிறு பெட்டிகளைச் செவியின் உயரத்தில், பின்சுவரிலிருந்து முக்கால் மீற்றர் தள்ளி, முக்காலிகளின் மேல் வைத்தோம். அவை 70 அதிர்வுக்குக் கீழே விரைந்து அடங்குவன, முனகலைத் தூக்கிவிடமாட்டா. நாற்காலியைச் சுவரிலிருந்து முன்னே இழுத்தோம். நண்பரின் துணைவியார் மருதமுனைக் கைத்தறிப் போர்வைகளையும் பன்பாய்களையும் எடுத்துவந்தார். போர்வைகளைச் சுவரிலிருந்து சிறிது விலக்கி, மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டோம். பாய்களைத் தரையில் விரித்தோம். துணி தாழ்ந்த முழக்கத்தை அடக்காது. எனினும் சொல்லின் விளிம்பைச் சிதைக்கும் எதிரொலியை விழுங்கும்.

வாங்க எண்ணும் வாசகர்க்கு ஒன்று சொல்லுவோம். கடையிற் கேட்டு மயங்காது, நும் அறையிற் கேட்டு முடிவு செய்க. பெருக்கியின் ஓமையும் பெட்டியின் ஓமையும் ஒப்பிடுக. பெருக்கியின் வலுவை இருமடங்காக்கினாலும் ஒலி 3 டெசிபலே கூடும். ஆதலின் உவாற்று எண்ணுக்கு மயங்கற்க. கடலோரத்தார், கூம்பின் விளிம்பு நுரைப்பஞ்சாயின் ஈரக்காற்றில் சில ஆண்டுகளில் உதிருமென்றும், இறப்பர் விளிம்பு நெடுநாள் உழைக்குமென்றும் அறிக.

மாலை மயங்கும் வேளை. நண்பர் நாடாவை ஓடவிட்டார். முனகல் மிகத் தொலைவிலே போயிருந்தது. ஒரு பெண் செருமினார். யாரையோ “சத்தம் போடாதங்க” என்று அதட்டினார். பின்னர்க் கவி எழுந்தது. சொல்லுக்குச் சொல் தெளிவு. நண்பர் அசையாதிருந்தார். கதவோரத்தில் அவருடைய பேத்தி வந்து நின்றாள், யாரென்று கேட்கவில்லை.

கவிக்கும் கவிக்கும் இடையே தாயார் மூச்செடுத்தபோது, சீறி எழுந்து சரிந்து அடங்கும் ஓசையொன்று மெல்லக் கேட்டது. நாடாவின் இரைச்சலோ என ஐயுற்றோம். நண்பர் கையுயர்த்தி எம்மைத் தடுத்தார்.

“அது பழைய வீட்டுக் கடல், சேர்” என்றார்.

பெரும் பெட்டிகள் மறுநாட் கொழும்புக்குத் திரும்பின. எம்முடைய சிறு பெட்டிகள் இன்னும் கல்முனைக்குடியிலேயே இருக்கின்றன. திருப்பிக் கேட்க எமக்கு மனம் வரவில்லை.