அரட்டை என்றால் இளக்காரமா?

"அங்க என்னட்டி அரட்டை?" - இந்த அதட்டலைக் கேட்காமல் வளர்ந்த பெண் எங்கள் திருநெல்வேலிச் சீமையில் இருப்பாளா என்பது சந்தேகம்தான். நாலு ஆண்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசினால் அது விவாதம், உலக நடப்பு. நாம் இரண்டு பேர் கடனா ஆற்றுப் படித்துறையில் துணியை அலசிக்கொண்டே வாயைத் திறந்தால் அது அரட்டை, வெட்டிப் பேச்சு! எந்த டாக்டர் கைராசிக்காரர், யார் வீட்டுச் சீட்டு நம்பிக்கையானது, எந்தக் கடையில் பருப்பில் கல் இருக்கிறது என்பதெல்லாம் நமக்கு அந்தப் படித்துறையில்தான் தெரிந்தது. ஆனாலும் பெயர் என்னவோ அரட்டைதான்.

அப்பேர்ப்பட்ட வார்த்தைக்கு 2025-ம் வருஷம் திடீரென்று யோகம் அடித்தது பாருங்கள்!

எங்கள் ஆழ்வார்குறிச்சியிலிருந்து கடையம் வழியாகத் தென்காசிக்குப் போனால் வழியில் மத்தளம்பாறை என்று ஒரு கிராமம். 2011-ல் ஜோஹோ கம்பெனி அங்கே ஓர் ஆபீஸ் போட்டது. வயலும் தென்னந்தோப்புமாக இருக்கிற இடத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியா என்று அப்போது எல்லாரும் அதிசயமாகப் பார்த்தோம். அந்தக் கம்பெனி 2021 ஜனவரியில், செல்போனில் செய்தி அனுப்பவும் பேசவும் ஒரு செயலியை வெளியிட்டது. அதற்கு வைத்த பெயர்தான் 'அரட்டை'. நாலு வருஷம் அது பாட்டுக்கு ஓர் ஓரமாக இருந்தது. 2025 செப்டம்பர் கடைசியில், சுதேசிச் செயலியையே பயன்படுத்துங்கள் என்று டெல்லி மந்திரியே சொல்லப்போக, ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் மூன்றே நாளில் தினம் 3,50,000 பேர் சேர ஆரம்பித்துவிட்டார்களாம். கம்பெனியை நிறுவிய ஸ்ரீதர் வேம்புவே சொன்ன கணக்கு இது.

அது நவராத்திரி சமயம். சுண்டலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் இதையேதான் பேசினார்கள். எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் இருபத்து மூன்று பேர். அத்தனை பேரையும் மூட்டை முடிச்சோடு அரட்டைக்குக் குடிபெயர்த்துவிட வேண்டும் என்று என் கணவர் ஒரே பிடியாக நின்றார்.

"பக்கத்து ஊர்க் கம்பெனியை விட்டுட்டு அமெரிக்காக்காரனை ஏன் வாழ வைக்கணும்?" என்றார்.

கோயம்புத்தூரில் என்ஜினீயரிங் படிக்கும் என் மகன் லீவுக்கு வந்திருந்தான். "நாம அவனுக்குக் காசா குடுக்கோம்? ரெண்டும் இலவசம்தானப்பா!" என்றான்.

"இலவசம்னா சும்மா குடுக்கான்னு நினைச்சிராதடே" என்று ஆரம்பித்தார் அடுத்த தெரு அண்ணாச்சி. போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச ஆரம்பித்தால் தூத்துக்குடியில்தான் போய் நிற்பார். அன்றைக்கும் அப்படித்தான். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டார். போட்டிக்கு வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் சும்மாவே ஏறிக்கொள், கையில் ஒரு குடையும் தருகிறேன் என்றது. 1908-ல் வ.உ.சி.யை ஜெயிலில் போட்டார்கள். கம்பெனி நொடித்துப்போயிற்று. "குடைக்கு ஆசைப்பட்ட கதைதாம்டே இதுவும்!" என்று முடித்தார். எனக்கு அந்தக் கதை எப்போது கேட்டாலும் வயிற்றைப் பிசையும்.

ஆனால் மகன் விடுகிறவனா? வாட்ஸ்அப்பில் நாம் எழுதுவதற்கு ஒரு பூட்டு உண்டாம். அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் தவிர, நடுவில் இருக்கிற கம்பெனி கூடப் படிக்க முடியாதாம். அரட்டையில் அப்போது போன் பேச்சுக்கும் படத்தோடு பேசுவதற்கும்தான் அந்தப் பூட்டு இருந்தது. எழுதி அனுப்புகிற செய்திக்கு இல்லை. "பூட்டு போட்ட பொறவு மாறுவோம்" என்பது அவன் கட்சி. "நம்ம வீட்ல என்ன ரகசியம் இருக்கு? ரசம் வச்சதும் வடை சுட்டதும்தானே?" என்றார் இவர். இந்த இடத்தில் நான் பையன் பக்கம்தான். ரசம் வைத்த கதையானாலும் நம் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டாமா?

பேச்சு அப்புறம் தொழிலுக்குத் தாவியது. 1960-ல் டாஃபே டிராக்டர் கம்பெனியைத் தொடங்கிய அனந்தராமகிருஷ்ணன் எங்கள் ஆழ்வார்குறிச்சிக்காரர். ஆனால் தொழில் செய்ய அவர் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. இப்போது தொழிலே கிராமத்தைத் தேடி வருகிறது என்று அண்ணாச்சிக்குப் பெருமை. "வந்தது ஒரு கம்பெனிதானே, எல்லாப் பிள்ளைகளும் அதுக்குள்ள கொள்ளுமா?" என்று என் மகன். நான் இதற்குள் மூன்று தடவை சுண்டல் கொண்டுவந்து வைத்துவிட்டேன்.

எதிர் வீட்டு மதினி தமிழ் டீச்சர். அவர்களுக்குப் பெயரிலேயே குறை. "அரட்டைன்னா வீண்பேச்சு. வேற நல்ல பேரா கிடைக்கலை? வடக்க உள்ளவங்க வாயில இது நுழையுமா?" என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. விசு சன் டி.வி.யில் வருஷக்கணக்காக 'அரட்டை அரங்கம்' நடத்தினாரே, அதில் மைக்கைப் பிடித்து வீட்டுக் கஷ்டத்தைக் கொட்டிய பெண்கள் எத்தனை பேர்! அது வீண்பேச்சா? "நாம வாட்ஸ்அப்பையும் பேஸ்புக்கையும் நாக்கைச் சுழட்டிப் படிச்சிக்கிட்டோம்லா மதினி, அவங்களும் ஒரு வார்த்தை படிக்கட்டுமே" என்றேன். அவர்களும் சிரித்துவிட்டார்கள்.

இப்படி ஐந்து நாள் நடந்தது பேச்சு. இத்தனையும் நடந்தது என் மாமியார் உட்கார்ந்திருந்த பட்டாசாலையில்தான். ஆனால் அவர்களிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அத்தைக்கு வயது எழுபத்தொன்பது. மூன்றாம் வகுப்பு வரை படித்தவர்கள். செல்போனில் எழுத்தைப் பார்த்தால் கண் கூசும். ஆனால் மைக் படத்தை அமுக்கிக்கொண்டு பேசுவதற்கு என் மகள் சொல்லிக்கொடுத்திருந்தாள். அவ்வளவுதான், அன்றிலிருந்து தினமும் காலையில் காப்பி குடித்ததும் சிங்கப்பூரில் இருக்கும் என் கொழுந்தனாருக்கும், கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் தன் தங்கைக்கும் பேசி அனுப்புவார்கள். என்ன குழம்பு, ஆற்றில் தண்ணீர் வந்ததா, கன்றுக்குட்டி என்ன செய்தது எல்லாம் அதில் இருக்கும். கொழுந்தனார் பஸ்ஸில் ஆபீஸ் போகிறபோது கேட்பாராம். சில நாள் பதில் வராது. அதற்காக அத்தை நிறுத்தியதில்லை.

ஆறாம் நாள் நானே பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். அத்தை யோசித்துவிட்டு, "அந்தப் பச்சையை அமுக்குனா சின்னவன் வாரான். புதுசுல அமுக்குனா வருவானாட்டி?" என்று கேட்டார்கள். பிறகு மெதுவாக, "நான் பேசுன பழசெல்லாம் என்னவாகும்?" என்றார்கள்.

அதுவரை யாருக்கும் தோன்றாத கேள்வி இது. மகனைக் கேட்டால், "பாக்கணும்மா" என்றான். எதற்கும் இருக்கட்டும் என்று மறுநாள் மத்தியானம் அத்தையின் செல்போனை வாங்கி, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டேன். எது எதை அவசியம் பத்திரப்படுத்த வேண்டும் என்று பார்க்கத்தான் கேட்க ஆரம்பித்தேன்.

சித்திரையில் ஒரு நாள், சிவசைலம் கோயிலுக்குப் போய் வந்ததைச் சொல்கிறார்கள். பரமகல்யாணி அம்மனுக்கு என்ன நிறத்தில் புடவை, யார் யாரைப் பார்த்தார்கள், பிரசாதத்தில் உப்பு கம்மி என்பது வரை நாலு நிமிஷம், மூச்சு விடாமல்! ஆடி மாதத்துப் பேச்சு ஒரு நிமிஷம்தான். அதற்கடுத்து புரட்டாசி. "சின்னவனே... நேத்து... இரு... மழை பெஞ்சுது..." இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சை இழுத்துக்கொள்கிற சத்தம் தெளிவாகக் கேட்கிறது. கையில் இருந்த கீரையை வைத்துவிட்டு, சித்திரையையும் புரட்டாசியையும் மாற்றி மாற்றி மூன்று தடவை கேட்டேன். ஒரே வீட்டில் இருக்கிறவர்களுக்கு இது மெல்ல மெல்ல நடப்பதால் தெரிவதில்லை. வயசாகிவிட்டது, பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள் என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள்.

அத்தையிடம் போய், "ராத்திரி எத்தனை தலைகாணி வைக்கிய?" என்று கேட்டேன். "ரெண்டு. மட்டமாப் படுத்தா முட்டுது" என்றார்கள். சேலையைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

அன்று சாயந்திரமே அம்பாசமுத்திரத்தில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அந்த மூன்று அடையாளங்களையும் சொன்னதும் அவர் தலையை ஆட்டிக்கொண்டார். இ.சி.ஜி.யும், இதயத்துக்கு ஸ்கேன் மாதிரி எடுக்கிறார்களே அந்த எக்கோவும் எடுத்தார்கள். நாள்பட்ட ரத்தக் கொதிப்பால் இதயம் ரத்தத்தைத் தள்ளுகிற பலம் குறைந்திருக்கிறது, அதனால்தான் நுரையீரலிலும் காலிலும் நீர் தங்குகிறது என்று சொன்னார். விசாரித்ததில் இன்னொன்றும் வெளியே வந்தது. 'எனக்குத்தான் ஒண்ணும் செய்யலையே' என்று அத்தை பிரஷர் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டு வந்திருக்கிறார்கள்! பிரஷர் குறைந்திருப்பதே மாத்திரையால்தான், டாக்டர் சொல்லாமல் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

நீர் பிரிவதற்கு மாத்திரை கொடுத்தார். தினம் காலையில் பாத்ரூம் போய் வந்ததும், பலகாரத்துக்கு முன்னால் எடை பார்த்து எழுதி வைக்கச் சொன்னார். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே வரவேண்டும், அது சதை இல்லை, நீர் என்றார். உப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கூழ்வற்றல் மூன்றும் கூடாது. கூழ்வற்றல் இல்லாமல் எங்கள் ஊரில் புளிக்குழம்பு சாப்பிடுவதா என்று அத்தைக்கு என்மேல் இன்னும் கோபம்தான். எலுமிச்சம்பழம் பிழிந்தும், மிளகு தட்டிப் போட்டும் ஈடுகட்டிப் பார்க்கிறேன். சகோதரிகளே, ஒன்று சொல்லிவிடுகிறேன். உப்புக்குப் பதில் என்று கடையில் ஒரு மாற்று உப்பு விற்கிறார்கள். அதில் பொட்டாசியம் இருக்கும். இதய மாத்திரை, சிறுநீரகக் கோளாறு இருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

ஐப்பசி பிறந்து தீபாவளிக்குள் கால் வீக்கம் வடிந்தது. ஒரு தலையணை போதும் என்றார்கள். இப்போது பேச்சு மறுபடி இரண்டு நிமிஷத்துக்கு வந்திருக்கிறது. நானும் கொழுந்தனாரிடம், "வார்த்தையை மட்டும் கேக்காதிய, மூச்சையும் கேளுங்க" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

குடிபெயர்ப்பு விஷயம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். என் கணவரும் அவர் பக்கத்து ஆட்களும் அரட்டைக்குப் போனார்கள். அத்தையின் செல்போனில் பச்சை அப்படியே இருக்கிறது. பக்கத்தில் அரட்டையையும் போட்டு, கல்லிடைக்குறிச்சிச் சித்தியோடு பேச மட்டும் அதில் பழக்கியிருக்கிறாள் என் மகள். பழைய பேச்சுகளை மகன் தன் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டான்.

சுதேசி என்று இவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. பக்கத்து ஊரில் வேலை இருந்தால் நம் பிள்ளைகள் பெங்களூருக்கு ராத்திரி பஸ் ஏற வேண்டாமே. அதனால்தான் பிளஸ் டூ படிக்கும் என் மகள் இப்போது வேறொரு பேச்சைக் கிளப்பியிருக்கிறாள். அதே ஜோஹோ கம்பெனி 2005-லிருந்து ஒரு பள்ளி நடத்துகிறது. பள்ளிப் படிப்பு முடித்தவர்களைப் பரீட்சை வைத்து எடுத்து, உதவித்தொகையும் கொடுத்துத் தொழில் கற்றுத் தருகிறார்கள். பட்டம் கிடையாது. அதில் சேரப் பரீட்சை எழுதுகிறேன் என்கிறாள்.

"டிகிரி இல்லாமலா? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன படிச்சிருக்கான்னு கேட்டா என்ன சொல்ல?" என்கிறார் நம் சுதேசிக்காரர். அண்ணாச்சியையும் டீச்சர் மதினியையும் கூப்பிட்டுப் பேச வேண்டுமாம். வரட்டும், சுண்டலுக்குக் கடலை ஊறப்போட்டிருக்கிறேன். அத்தையை இந்தத் தடவை பட்டாசாலையில் நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைக்கப் போகிறேன். பேத்தியிடம் அவர்கள் இப்போதே, "மொதல்ல பரீட்சையை எழுதுட்டி, பொறவு பேசிக்கிடலாம்" என்று சொல்லிவிட்டார்கள் என்பது இவருக்கு இன்னும் தெரியாது.