புது பாக்கெட்டுக்குப் புது அளவு

என் அப்பா அம்பத்தூரில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். வீட்டின் பின்னறைதான் டார்க் ரூம். 1989-இல் எனக்குப் பதினொரு வயது. இருட்டில் வாய்விட்டு செகண்டு எண்ணுவது என் வேலை.

ஒரு ஞாயிறு இரவு ஆவடியிலிருந்து ஒரு பெரியம்மா வந்தார். இறந்துபோன மகனின் படத்தைப் பெரிதாக்கித் தர வேண்டும், விடிந்தால் கருமாதி. நெகடிவ் எங்களிடமே இருந்தது. ஆனால் வழக்கமாக வாங்கும் ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' பேப்பர் தீர்ந்திருந்தது. தெரிந்த ஸ்டூடியோவில் கடன் கேட்டதில் வேறு கம்பெனி பேப்பர் கிடைத்தது, மூன்றே தாள்.

வெளிச்சம் அளக்க அப்பாவிடம் ஒரு மீட்டர் உண்டு. அது காட்டியபடியே செய்தும் முதல் தாளில் முகம் கரியாகிவிட்டது.

"மீட்டர் கெட்டுப்போச்சு" என்றார் அப்பா.

வெளியே நின்ற என் அம்மா, "ஏங்க, புது அரிசிக்குப் பழைய அரிசித் தண்ணி வைக்கலாமா? கொஞ்சமா போட்டுப் பாருங்களேன்" என்றாள்.

அப்பா இரண்டாவது தாளைப் பட்டை பட்டையாக வெட்டினார். ஒவ்வொன்றாகக் கன்னம் விழும் இடத்தில் வைத்து 4, 8, 12, 16 செகண்டு வெளிச்சம் காட்டினார். காய்ந்தால் படம் சற்றுக் கறுக்கும் என்பதால், பட்டைகளை உலர்த்திய பிறகே பார்த்தார். 8 சரியாக இருந்தது.

அடுத்து சிவப்பு விளக்கையும் அணைத்தார். இல்லாவிட்டால் அந்த வெளிச்சத்தையும் மீட்டர் சேர்த்து அளந்துவிடும். கருவியை அசைக்காமல், அதே கன்னத்தில் மீட்டரை வைத்து, முள் நடுவில் நிற்கும்வரை குமிழைத் திருகினார். எண் 6. "6 – 8 செகண்டு" என்று பாக்கெட்டின் மேல் எழுதினார்.

மிச்சம் ஒரே தாள். எட்டு எண்ணுவதற்குள் என் குரல் நடுங்கியது. மருந்துத் தட்டில் மெல்ல மெல்ல முகம் தெரிந்தது. பெரியம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "என் புள்ளையேதான்" என்றார். அப்பா காசு வாங்கவில்லை.

மீட்டர் கெடவில்லை. அதற்கு வெளிச்சம்தான் தெரியும். பேப்பரின் குணம் தெரியாது. அதன்பின் புது பாக்கெட் பிரித்தால் முதல் தாள் பட்டைக்குத்தான்.

இப்போது டார்க் ரூம் இல்லை. ஆனால் குழந்தைகளின் காய்ச்சல் மருந்தைப் பார்த்தால் அந்த பாக்கெட் ஞாபகம் வரும். பாரசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராமும் உண்டு, 250-உம் உண்டு. பழைய பாட்டிலின் அளவையே புதியதற்கும் ஊற்றிவிடாதீர்கள், சகோதரிகளே. லேபிளைப் படித்து, டாக்டரைக் கேட்டு, பாட்டில் மேலேயே எழுதி வையுங்கள்.